கன்னத்து எலும்பும் கத்தியும்



மனித உடலில் எலும்புகள் 206 என்பது பள்ளிப் பாடம். அவற்றுள் ஓர் எலும்பின்மீது இரு நாடுகளில் இரு வேறு குற்றச்சாட்டுகள் எழுந்துள்ளன. தென்கொரியாவின் தலைநகராம் சியோலில், கன்ன எலும்பு புடைத்து நிற்கிறதென்று வருந்தும் இளைஞர், அதனை அறுத்து உள்ளே தள்ளிக்கொள்ளப் பெரும்பணம் செலுத்துகின்றனர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலோ, அதே வயதினர் தம் கன்ன எலும்பு தட்டையாய்க் கிடக்கிறதென்று வருந்தி, அதன்மேல் ஏதேனும் வைத்து உயர்த்திக்கொள்ள முன்வருகின்றனர். எலும்பு ஒன்றே. அதற்கு ஓரிடத்தில் மிகை என்றும், மற்றோரிடத்தில் குறை என்றும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் அறுவை மேசைமேல் கிடத்தப்படுபவர் நோயற்ற, நன்கு உண்டு உறங்கும் இளைஞரே.

ஒப்பனை அறுவை என்றவுடன் அது திரைப்பட நடிகையர்க்கு உரியது என்று எண்ணும் பெற்றோர் நம்மில் பலர் உளர். மகளின் கண்ணாடியைக் கவனிக்கும் தாய், மகனின் கண்ணாடியைக் கவனிப்பதில்லை. ஆனால் இன்று கைப்பேசித் திரையில் பதினாறு, பதினேழு வயது ஆண் பிள்ளைகள் தேடிப் பார்ப்பனவற்றுள் கூர்மையான தாடையும், எழும்பிய கன்ன எலும்பும், அதன்கீழ் விழும் நிழற்பள்ளமும் முக்கிய இடம் பெறுகின்றன. இதனைச் சிரித்து ஒதுக்கிவிடுதல் எளிது. சிரிப்பதைவிட, அவர்கள் எதைக் கேட்கிறார்கள், அதற்கு மருத்துவம் எதைத் தருகிறது, தந்ததைத் திரும்பப் பெற இயலுமா என்பதனைத் தெரிந்துவைத்துக்கொள்வது பயனுடையது. ஆதலின் இம்மாத மடலை இதற்கே ஒதுக்கினோம்.

முதற்கண் எலும்பைப் பற்றிச் சிறிது. கண்ணின் வெளிக்கடையில் விரலை வைத்துச் சற்றே கீழிறக்கினால் தட்டுப்படுவது கன்ன எலும்பு. ஒரு வீட்டின் மூலைத் தூண் போல அது நான்கு எலும்புகளோடு பிணைந்து நிற்கிறது: மேலே நெற்றியெலும்பு, பக்கவாட்டில் பொட்டெலும்பு, முன்புறம் மேல்தாடை எலும்பு, உட்புறம் ஆப்பெலும்பு. கண்குழியின் வெளிச்சுவரில் ஒரு பங்கும், அதன் தரையில் ஒரு பங்கும் இதனுடையனவே. நாம் சோற்றை மெல்லும் வலிய தசை இதன் கீழ் விளிம்பிலிருந்தே இறங்குகிறது. கண்ணுக்கு நேர் கீழே, இதனை அடுத்து, ஒரு சிறு துளை வழியே வெளிவரும் நரம்பு ஒன்று மேலுதட்டிற்கும் மூக்கின் பக்கத்திற்கும் கன்னத்திற்கும் உணர்ச்சி அளிக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளும் இவ்வெலும்பைத் தாண்டித்தான் நெற்றிக்கும் இமைக்கும் செல்கின்றன. ஆகவே இதனை வெறும் அழகுத் துண்டாகக் கருதி எடுக்கவோ ஏற்றவோ முற்படுவோர், கண்ணையும் வாயையும் அண்டை வீட்டாராகக் கொண்ட இடத்தில் கைவைக்கிறார்கள்.

இனி, கன்னத்தின் ‘வடிவு’ என்று இளைஞர் கூறுவது எலும்பு மட்டுமன்று. எலும்பின்மேல் கொழுப்பு, அதன்மேல் தோல், அதன்மேல் வெளிச்சம் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. இந்நான்கில் வெளிச்சத்தின் பங்கு பலர் எண்ணுவதைவிடப் பெரிது. மேலிருந்து ஒளி விழுந்தால் எவர் கன்னத்தின் கீழும் நிழல் படியும். நேர் எதிரே விளக்கை வைத்தால் அந்நிழல் மறையும். திரைப்பட ஒளிப்பதிவாளர் இதனை நன்கறிவர். கைப்பேசியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 12 அங்குலத் தொலைவில் பிடித்து எடுக்கும் படத்தில், 5 அடித் தொலைவில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்று அமெரிக்க மருத்துவர் சிலர் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினர். முகத்தின் நடுப்பகுதி பெருத்தால், பக்கங்கள் பின்வாங்கிச் சிறுத்துக் காணும் அன்றோ? தம் கன்னம் தட்டை என்று கைப்பேசியைக் காட்டி வாதிடும் மகனை, ஆறடி தள்ளி நின்று தம்பியைக்கொண்டு ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நம் தாய்மார்களுக்கு ஒரு வழக்குண்டு. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனைப் பார்த்தவுடன், “கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டதே!” என்று கண் கலங்குவார்கள். ஒட்டிய கன்னம் பசியின் குறி, காசநோயின் குறி. இன்று அதே பள்ளத்திற்காக மகன் பணம் சேர்க்கிறான் என்றால் அவர்கள் நம்புவது அரிது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர்களுள் பலருக்கு, நோயாலும், ஸ்டாவுடின் போன்ற அந்நாளைய மருந்துகளாலும், கன்னக் கொழுப்புக் கரைந்து முகம் குழிந்துபோயிற்று. தெருவில் நடந்தால் அம்முகமே நோயைப் பறைசாற்றியது. வேலையும் நட்பும் இழந்தோர் உண்டு. அம்மக்களின் கன்னத்தை நிரப்புவதற்கென்றே ‘பாலி-லாக்டிக் அமிலம்’ என்னும் ஊசிமருந்திற்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2004-ல் இசைவு அளித்தது. 2009-ல் உலக நலவாழ்வு நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஒரு தலைமுறை கண்ணீரோடு நிரப்பிக்கொண்ட அதே பள்ளத்தை, அடுத்த தலைமுறை காசு கொடுத்துத் தோண்டிக்கொள்கிறது. (நம் வயதினர்க்கோ கன்னம் குழிவது இலவசமாகவே நிகழ்கிறது என்பதையும் இளைஞர்க்குச் சொல்லி வைப்போம்.)

கன்ன எலும்பைத் தொடும் அறுவைகள் அனைத்தும் பகட்டிற்காகப் பிறந்தவை அல்ல. முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தலை நீட்டிய வீரர்களின் முகங்கள் குண்டுகளால் சிதைந்தன. நியூசிலாந்தில் பிறந்த ஹரால்டு கில்லிஸ் என்னும் மருத்துவர், 1917-ல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் அவர்களுக்கெனத் தோன்றிய மருத்துவமனையில் இருந்து, ஆயிரக்கணக்கான முகங்களைச் சீர்செய்தார். அவரும் அவர்தம் உடன்பணியாளரும் 1927-ல் வெளியிட்ட ஒரு முறை இன்றும் கையாளப்படுகிறது. உள்ளே அழுந்தி உடைந்த கன்ன எலும்பை, காதுக்கு மேலே மயிர்க்கால்களுக்குள் ஒரு சிறு வெட்டிட்டு, அதன் வழியே நெம்புகோல் போன்ற கருவியைச் செலுத்தித் தூக்கி நிறுத்துவதே அம்முறை. இருசக்கர வண்டியில் தலைக்கவசமின்றிச் சென்று விழுந்து, கன்னம் அழுந்தி, வாயைத் திறக்க இயலாமல் மருத்துவமனைக்கு வருவோர் நம் நாட்டில் பலர். அவர்களுக்கு இவ்வறுவை ஒரு வரம்.

பிறவியிலேயே கன்ன எலும்பு வளராமலோ, அறவே இல்லாமலோ பிறக்கும் குழந்தைகளும் உண்டு. லண்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் டிரீச்சர் காலின்ஸ் 1900-ல் விவரித்தமையால் இக்குறைபாடு அவர் பெயராலேயே வழங்குகிறது. கண்ணின் வெளிக்கடை கீழ்நோக்கிச் சரிந்து, காது சிறுத்து, கேள்விப்புலனும் குறைந்திருக்கும். பிரெஞ்சு நாட்டின் பால் டெசியே என்னும் அறுவை மருத்துவர், மண்டையோட்டையும் முகத்தையும் ஒருசேரச் சீர்படுத்தும் தம் முறைகளை 1967-ல் ரோமை நகரில் கூடிய மருத்துவர் பேரவையில் எடுத்துரைத்தார். விலாவிலிருந்தும் மண்டையோட்டிலிருந்தும் எடுத்த எலும்புத் துண்டுகளைக்கொண்டு இல்லாத கன்னத்தை உருவாக்கும் வழி அதன்பின் பரவியது. இன்று நலமுள்ள இளைஞர்க்குச் செய்யப்படும் ஒப்பனை அறுவைகளுள் பல, காயம்பட்டோர்க்கும் குறையோடு பிறந்தோர்க்கும் கண்டறியப்பட்ட இம்முறைகளின் வழிவந்தவையே.

இனி, உடல்நலமுள்ள ஆடவர்க்கு எவை எவை தரப்படுகின்றன என்று பார்ப்போம். விளம்பரங்கள் இவற்றை விலை வரிசையில் அடுக்குகின்றன. நாம் வேறொரு வரிசையில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். வேண்டாமென்று மனம் மாறினால் திரும்பி வர இயலுமா என்பதே அவ்வரிசை.

திரும்பி வர ஓரளவு இயலுவது நிரப்பூசி. ‘ஃபில்லர்’ என்று வழங்கும் இதில் பெரிதும் பயன்படுவது ஹயலுரானிக் அமிலம் என்னும் கூழ். இது நம் உடலிலேயே இயல்பாய் உள்ள பொருள். கன்னத்தை உயர்த்துவதற்கென்றே இவ்வகைக் கூழ் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2013-ல் இசைவு கிட்டியது. ஓராண்டு முதல் இரண்டாண்டளவில் கரைந்துபோகும். பிடிக்கவில்லையெனில் ஹயலுரானிடேஸ் என்னும் நொதியை ஊசிவழிச் செலுத்தி முன்னரே கரைக்கலாம். கால்சியம் கலந்த நிரப்பிக்கும், முன் கூறிய பாலி-லாக்டிக் அமிலத்திற்கும் அத்தகைய மாற்றுமருந்து இல்லை. ஊசிதானே என்று அசட்டையாய் இருப்பதற்கில்லை. முகத்தின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு தொடர்புடையவை. கூழ் தவறிக் குழாய்க்குள் புகுந்து பின்னோக்கிச் சென்று விழித்திரையின் குழாயை அடைத்தால் பார்வை போகும். பெரும்பாலும் அது மீள்வதில்லை. இது அரிதாகவே நிகழ்வதாயினும், அழகு நிலையத்தின் பின்னறையில் மருத்துவரல்லாதார் கையால் போட்டுக்கொள்ளும் பொருள் இது அன்று என்பதற்கு இவ்வொன்றே போதுமான காரணம்.

ஆடவர்க்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. பெண்களின் கன்னம் உயர்ந்து உருண்டு முன்வருவது. ஆடவரின் கன்னமோ பொதுவாக அகன்று, தட்டையாய், சற்றே தாழ்ந்து செல்வது. பெண்களுக்குச் செய்து பழகிய கை, ஆடவனின் கன்னத்திலும் அதே உருண்டையை வைத்துவிட்டால், வீரத் தோற்றம் வேண்டி வந்தவன் அதற்கு மாறான முகத்தோடு திரும்ப நேரும். தேர்ந்த மருத்துவர் ஆடவர்க்கு எலும்பின் வெளிவரம்பை ஒட்டியே சிறிதளவு இடுவர்.

தம் வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை உறிஞ்சியெடுத்துக் கன்னத்தில் இடுவது மற்றொன்று. தன் உடலின் பொருளாதலால் ஒவ்வாமை இல்லை. எனினும் இட்டதில் எவ்வளவு நிலைக்கும், எவ்வளவு கரையும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஒரு கன்னத்தில் நிலைத்து மறுகன்னத்தில் கரைதலும் உண்டு. உடல் பருத்தால் வயிற்றுக் கொழுப்பைப் போலவே அதுவும் பருக்கும். பிறந்த இடத்தை அது மறப்பதில்லை போலும்!

அடுத்து, எலும்பின்மேல் பதிக்கும் செயற்கைத் தகடு. மாட்ரிட் நகரின் ஹிண்டெரர் என்னும் மருத்துவர் 1975-ல் இது குறித்து எழுதியதிலிருந்து இம்முறை பரவலாயிற்று. மேலுதட்டை உயர்த்தி, ஈறுக்கு மேலே வாயின் உட்புறம் வெட்டி, எலும்புவரை சென்று, சதையைப் பிரித்து, அங்கே தகட்டை அமர்த்துகின்றனர். சில வேளை கீழிமையின் வழியாகவும் செல்வர். வெளியே தழும்பு தெரியாது. சிலிக்கோன் தகட்டைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய உறையைப் பின்னிக்கொள்கிறது. தேவையானால் பெரும்பாலும் எளிதில் எடுத்துவிடலாம். ஆனால் நாளடைவில் அதன்கீழ் எலும்பு தேய்வதுண்டு. இடம் நகர்வதும் உண்டு. நுண்துளைகளுள்ள பாலிஎத்திலீன் தகடு நகராது. ஏனெனில் அதன் துளைகளுக்குள் உடலின் திசு வளர்ந்து பற்றிக்கொள்கிறது. அதே காரணத்தால், பிடிக்கவில்லை என்று பின்னர் எடுக்க முயன்றால் சதையைக் கிழித்தே எடுக்க வேண்டியதாகும். இப்பொழுது ஒவ்வொருவர் மண்டையோட்டையும் சி.டி. படமெடுத்து, அதற்கேற்பக் கணிப்பொறி வழி வார்த்தெடுக்கும் தகடுகளும் வந்துள்ளன. பொருத்தம் கூடும், ஆயினும் வாயின் உட்புறம் கிருமிகள் நிறைந்த இடமாதலால் சீழ் பிடிக்கும் அச்சம் எந்தத் தகட்டுக்கும் உண்டு. முன்னே கூறிய நரம்பு இழுபட்டால் மேலுதடு மரத்துப்போகும். பெரும்பாலோர்க்குச் சில திங்களில் உணர்ச்சி திரும்பும், சிலர்க்குத் திரும்புவதில்லை.

திரும்பி வர இயலாதது எலும்பை அறுத்தல். பெல்ஜிய நாட்டில் 1990-களில் உருவான முறையில், கன்ன எலும்பைச் செங்குத்தாய் அறுத்து, பிளவை அகற்றி, இடையில் ஓர் அடைப்புத் துண்டை வைத்து முகத்தை அகலப்படுத்துகின்றனர். கீழ்த்திசை நாடுகளிலோ இதற்கு எதிரான வேலை. ஜப்பானிய மருத்துவர்கள் 1983-ல் வெளியிட்டு, பின் தென்கொரியாவில் பெருகிய குறைப்பறுவையில், வாயின் உட்புறத்திலிருந்து எலும்பின் உடலையும், காதுக்கு முன்னுள்ள சிறு வெட்டின் வழியே அதன் வளைவையும் அறுத்து, உள்நோக்கித் தள்ளி, டைட்டேனியத் தகடும் திருகாணியும் கொண்டு பிணைக்கின்றனர். எலும்போடு ஒட்டியிருந்த சதை பிரிக்கப்பட்டமையால், கூடாரத்தின் கழியைக் குறுக்கினால் துணி தொங்குவது போல, கன்னம் தொய்வதுண்டு. மெல்லும் தசை ஓயாமல் கீழே இழுப்பதால் அறுத்த எலும்பு ஒட்டாமல் போவதும் உண்டு. அப்பொழுது இரண்டாம் அறுவை தேவைப்படும்.

எலும்பைத் தொடாமலே பள்ளம் உண்டாக்குவதும் ஒன்றுண்டு. கன்னத்தின் உள்ளே, மெல்லும் தசைக்கு முன்னால், ஒரு கொழுப்பு முடிச்சு இருக்கிறது. இதனைக் கொழுப்பென்று அறிந்துரைத்தவர் பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர் பிஷா. மேல்கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வெட்டி இதனை இழுத்தெடுத்துவிடுகின்றனர். அரை மணியில் முடியும். ஆதலால் விருந்துக்கு முன் முடி வெட்டிக்கொள்வது போல இதனைப் பேசுகிறார்கள். உமிழ்நீர்க் குழாய் திறப்பது அதே இடத்தில்தான். முகத் தசையை அசைக்கும் நரம்பின் கிளையும் அருகே ஓடுகிறது. இவற்றிற்குச் சேதமின்றி முடிந்தாலும், இருபத்தைந்து வயதில் அழகாய்த் தோன்றும் பள்ளம், இயல்பாகவே கொழுப்புக் குறையும் ஐம்பது வயதில் நோயாளியின் முகமாகலாம். நம்மைக் கேட்டால், இவையனைத்திலும் மிகவும் ஐயத்தோடு நோக்கத்தக்கது இதுவே என்போம். எளிதாய் இருப்பதே அதன் ஆபத்து.

பணமில்லாப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி ஒன்றையும் கூறாமல் விடுவதற்கில்லை. 2023-ல் சமூக ஊடகங்களில், சுத்தியலாலும் புட்டியாலும் தம் கன்ன எலும்பைத் தாமே அடித்துக்கொள்ளும் இளைஞரின் படங்கள் பரவின. அடிபட்ட எலும்பு முன்னிலும் தடித்து வளரும் என்பது அவர்கள் வாதம். அதற்குத் துணையாக 1892-ல் ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் வோல்ஃப் எழுதிய எலும்பு விதியையும் காட்டுகின்றனர். வோல்ஃப் கூறியது, நெடுநாள் தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன் உட்கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பது. சுத்தியலடி சுமையன்று, காயம். அடித்தபின் கண்ணாடியில் காணும் உயர்வு எலும்பு அன்று, வீக்கம். கண்குழியின் தரை முட்டையோடு போல் மெல்லியது. அது உடைந்தால் பார்ப்பதெல்லாம் இரண்டாய்த் தோன்றும். மகன் கன்னத்தில் காரணம் கூறாத கன்றல் கண்டால், பள்ளியில் சண்டையா என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம்.

இவ்வறுவைகள் பாவமா என்று நம்மிடம் நேரே கேட்பவரும் உண்டு. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதற்கு விடையளித்துள்ளார். 1958 அக்டோபர் 4-ம் நாள், தாம் இறைவனடி சேர்வதற்கு ஐந்து நாள் முன்னர், இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர் பேரவையினரை நோக்கி அவர் உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே என்றும், ஆயின் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டதென்றும் அவர் எடுத்துரைத்தார். ஒப்பனை அறுவையைத் தன்னிலேயே தீயதென்று அவர் தள்ளவில்லை. நோக்கம் நேரியதாய் இருத்தல், உடல்நலத்திற்குப் பெருங்கேடு நேராதபடி காத்தல், ஏற்கும் துன்பத்திற்கும் இடருக்கும் ஈடான தக்க காரணம் இருத்தல் ஆகியவற்றை அளவுகோலாக வைத்தார். ஒருவரது உருவக் குறை அவர்தம் மனத்தையோ தொழிலையோ குடும்ப வாழ்வையோ முடக்குமாயின், அறுவை செய்துகொள்வது நன்றெனவும் ஆகலாம் என்றார். வீண்பெருமைக்காகவும் நாகரிக மோகத்திற்காகவும் செய்வதையோ அவர் ஏற்கவில்லை. இவ்வளவுகோலைக் கையிலெடுத்தால், விபத்தில் கன்னம் அழுந்தியவரும் திரையில் கண்ட முகத்திற்கு ஏங்குபவரும் ஒரே தட்டில் நிற்கமாட்டார் என்பது வெளிப்படை. இருவர்க்கும் இடைப்பட்டோரும் உளர். அவர்களை அவர்கள் வாயிலாகவே கேட்டறிய வேண்டும்.

கேட்கும்பொழுது கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. பிறர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறையைத் தன் முகத்தில் கண்டு, நாளின் பல மணி நேரம் கண்ணாடி முன்னின்றோ, அன்றிக் கண்ணாடியையே அஞ்சி ஒளிந்தோ, படிப்பையும் நட்பையும் துறக்கும் நிலை ஒன்றை இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி 1891-லேயே விவரித்தார். உருவம் பற்றிய மனநோய் என்று இன்று மருத்துவ நூல்கள் அதனை ஏற்கின்றன. ஆண்களும் ஏறத்தாழப் பெண்கள் அளவிற்கே இதற்கு ஆளாகின்றனர். இவர்களுக்குக் கத்தி பயனளிப்பதில்லை. கன்னம் சீராயிற்றென்றால் கவலை மூக்கிற்குச் செல்லும். பேச்சு வழி மனமருத்துவமும் தக்க மருந்துகளுமே பலன் தருகின்றன. “இவனுக்கு ஏதோ அகம்பாவம்” என்று தந்தை அதட்டும் பிள்ளை உண்மையில் பெருந்துன்பத்தில் இருத்தல் கூடும்.

உண்மையிலேயே ஒருவர் அறுவைக்குச் செல்வாராயின், முக எலும்பு வளர்ந்து முடிந்ததா என்பதை முதலில் அறிய வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு அது இருபது வயதை ஒட்டியே நிறைவுறும். செய்பவர் நம் நாட்டினராயின், ஒட்டறுவையில் எம்.சி.ஹெச். அல்லது முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். போன்ற பட்டம் பெற்றவரா என்றும், மயக்க மருத்துவர் அறையில் தொடக்கம் முதல் முடிவு வரை இருப்பாரா என்றும், இரத்தம் மிகுதியாய் வடிந்தால் அனுப்புவதற்கு எந்தப் பெரிய மருத்துவமனையோடு ஏற்பாடு என்றும் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. இறுதிக் கேள்வி ஒன்று: கத்தியைப் பிடிப்பவர் இவர்தாமா?

இக்கேள்வி சியோலில் ஓர் உயிரின் விலையாய் எழுந்தது. 2016 செப்டம்பரில், இருபதுகளின் நடுவிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தாடையின் வடிவைத் திருத்திக்கொள்ள அந்நகரின் அழகு மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். அந்நாட்டில் வேலை மனுவில் நிழற்படம் ஒட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு; பொதுத்துறை நிறுவனங்களில் மட்டும் 2017-ல் அது நீக்கப்பட்டது. முகத்தின் எலும்பைக் கொண்டு குணத்தைக் கணிக்கும் பழைய நம்பிக்கையும் உண்டு. நம்மவரின் சாமுத்திரிகா லட்சணம் போல. அத்தகைய சூழலில் ஓர் இளைஞர் அங்குச் சென்றதில் வியப்பில்லை. தொடங்கிய மருத்துவர் பாதியில் அடுத்த அறை நோயாளிக்குச் சென்றார். அனுபவம் குறைந்த மற்றொரு மருத்துவர் தொடர்ந்தார். ஒரே நேரத்தில் பல அறைகளில் அறுவைகள் நடந்துகொண்டிருந்தன. இரத்தம் நில்லாமல் வடிந்தது. மருத்துவர் எவரும் இல்லாதபோது உதவியாளர் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த நேரமும் உண்டு. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் நினைவு திரும்பாமல் 49-ம் நாள் அவர் இறந்தார்.

அவருடைய அன்னை அறுவை அறையின் கேமராப் பதிவைக் கேட்டுப் பெற்றார். பெற்ற மகனின் இரத்தம் வடியும் காட்சியை, யார் எப்பொழுது உள்ளே வந்தார், எப்பொழுது வெளியேறினார் என்று மணித்துளி குறித்து, நூற்றுக்கணக்கான முறை பார்த்தார். எழுத்துப் பலகையை ஏந்தி நாடாளுமன்றத்தின் வாயிலில் நாள்தோறும் நின்றார். மருத்துவமனையின் தலைவர்க்கு 2021-ல் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மருத்துவர் சங்கத்தினர் எதிர்த்தபோதிலும், அதே ஆண்டு ஆகஸ்டு 31-ம் நாள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நோயாளி மயக்கத்தில் இருக்கும் அறுவை அறைகள் அனைத்திலும் கேமரா பொருத்தப்படல் வேண்டும் என்னும் அச்சட்டம் 2023 செப்டம்பர் 25 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவைக் குறைந்தது 30 நாட்களாவது மருத்துவமனை காத்து வைக்க வேண்டும். ஆனால் நோயாளியோ அவர்தம் காப்பாளரோ முன்னதாகக் கேட்டுக்கொண்டால்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதே சட்டம். கேளாதவர்க்காக அக்கேமராவை இயக்க மருத்துவமனை கடமைப்பட்டதன்று.